'ஷட்டர் ஐலண்ட்' நாயகன் நோயாளியா, டாக்டர்கள் விரித்த வலையில் சிக்கியவனா? ஒரு மனநலச் செவிலியரின் பதில்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். முதலாவது, 'ஷட்டர் ஐலண்ட்' படத்தின் நாயகன் உண்மையிலேயே மனநோயாளியா, இல்லை நல்லா இருந்த ஒரு போலீஸ்காரனை அந்தத் தீவு டாக்டர்கள் சேர்ந்து பைத்தியமாக்கிவிட்டார்களா என்பது. அறையில் நான்கு பேர் சேர்ந்து பார்த்ததாகவும், இரண்டு பேர் அப்படி, இரண்டு பேர் இப்படி என்று விடியும்வரை சண்டை ஓயவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் சித்தப்பாவை மனநல மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, இந்தப் படத்தைப் பார்த்த சித்தி 'அந்த மாதிரி இடத்துல அவரை விடவே மாட்டேன்' என்கிறார், நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்குமா என்று. நீங்கள் கேட்க வந்தது இந்த இரண்டாவதைத்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் படத்தைச் சரியாகப் பேசி முடிக்காமல் சித்தியின் பயத்துக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் வரிசையாகவே போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் மனநலச் செவிலியர் பட்டயம் படித்து, தமிழ்நாட்டில் 27 வருஷம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நோயைக் கண்டுபிடித்துப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. பெயர் வைத்த பிறகு அந்த மனிதரோடு ராத்திரி முழுக்கக் கூட இருப்பது எங்கள் வேலை. ஆகவே எது உறுதி, எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன். படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேச வழியில்லை.

கதை 1954-இல் நடக்கிறது. பாஸ்டன் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு தீவு. குற்றம் செய்த மனநோயாளிகளை வைத்திருக்கும் ஆஷ்கிளிஃப் என்ற மருத்துவமனை அங்கே இருக்கிறது. தன் மூன்று குழந்தைகளையும் ஏரியில் மூழ்கடித்துக் கொன்ற ரேச்சல் என்ற பெண் பூட்டிய அறையிலிருந்து மாயமாகிவிட்டாள் என்று விசாரிக்க, டெடி டேனியல்ஸ் என்ற மார்ஷல் சக் என்ற புதுக் கூட்டாளியோடு படகில் வந்து இறங்குகிறான். புயல் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை. கடைசியில் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் தலைமை டாக்டர் காவ்லி சொல்கிறார்: நீ மார்ஷல் இல்லை, ஆண்ட்ரூ லேடிஸ், இங்கே இரண்டு வருஷமாக இருக்கும் 67-வது நோயாளி. குழந்தைகளை மூழ்கடித்தது உன் மனைவி டோலோரஸ். அவளைச் சுட்டது நீ. 'கூட்டாளி' சக்தான் உன் டாக்டர் ஷீஹன். டென்னிஸ் லெஹேன் 2003-இல் எழுதிய நாவலை மார்ட்டின் ஸ்கார்செஸி 2010-இல் படமாக்கினார். நாயகனாக டிகாப்ரியோ, சக்காக மார்க் ரஃபலோ, காவ்லியாகப் பென் கிங்ஸ்லி நடித்திருக்கிறார்கள்.

இப்போது உறுதியான விஷயம். படத்துக்குள் அவன் நோயாளிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் டாக்டர் ஒரு பலகையில் எழுதிக் காட்டுகிறாரே, எட்வர்ட் டேனியல்ஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ஆண்ட்ரூ லேடிஸ் என்று, அதை வைத்து நான் சொல்லவில்லை. அதைச் சதிகார டாக்டரும் எழுதிக் காட்டலாம். படம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே யாரும் வாய் திறந்து சொல்லாமல் ஒரு சாட்சி வந்துவிடுகிறது. தீவின் வாசலில் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். டெடி பழகிய கையால் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுவான். பக்கத்தில் சக்கின் கையைப் பாருங்கள். இடுப்பில் தடவுவான், இழுப்பான், வராது, கடைசியில் உறையோடு கழற்றி நீட்டுவான். நாள் முழுக்கத் துப்பாக்கி கட்டித் திரிகிற மார்ஷலின் கை அப்படித் தடுமாறாது. ஸ்டெதாஸ்கோப் பிடித்த கை அது. டெடியை ஏமாற்ற நாடகம் போடும் சதிகாரர்கள் என்றால், துப்பாக்கி உருவக்கூடத் தெரியாத ஒருவரையா அனுப்புவார்கள்? அவனைக் கண்டதும் காவலர்கள் துப்பாக்கியை இறுகப் பிடிப்பதையும் கவனியுங்கள். விருந்தாளியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. போன மாதம் யாரையோ அடித்து நொறுக்கிய நோயாளி தோட்டத்துக்கு வரும்போது என் வார்டு அட்டெண்டர்கள் பார்த்த அதே பார்வை.

இன்னொன்று, திருமதி கியர்ன்ஸ் என்ற நோயாளியை விசாரிக்கும் காட்சி. டாக்டர் ஷீஹன் எப்படிப்பட்டவர் என்று கேட்டதும் அவள் கண் ஒரு நொடி சக் பக்கம் ஓடித் திரும்பும். பிறகு தண்ணீர் கேட்பாள். சக் எழுந்து போன இடைவெளியில் டெடியின் நோட்டில் 'ஓடிப் போ' என்று கிறுக்குவாள். தண்ணீர் வந்ததும் வாங்கிக் குடிக்கிறாள் அல்லவா, அதில் ஒரு ஷாட்டில் அவள் கையில் டம்ளரே இருக்காது. வெறுங்கை வாய்க்குப் போய்த் திரும்பும். எடிட்டிங் பிழை என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்தப் படத்தின் எடிட்டர் தெல்மா ஸ்கூன்மேக்கர் மாதிரி ஒருவர் மேசையில் அது தவறிப்போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. தண்ணீரைப் பார்க்கவே முடியாத ஒருவனின் கண் வழியாக நாம் பார்க்கிறோம், அவன் மனம் டம்ளரை அழித்துவிட்டது என்பது என் வாசிப்பு. இது அபிப்பிராயம்தான், துப்பாக்கி உறை மாதிரி சாட்சி இல்லை. ஆனால் படம் நெடுகத் தண்ணீரைக் கண்டால் அவனுக்குக் குமட்டுவதும், தீக்குச்சி எரியும் இடத்திலெல்லாம் இல்லாத ஆள் வந்து பேசுவதும் தற்செயலாக இருக்க முடியாது.

சதி என்று வாதிட்ட உங்கள் நண்பர்கள் இருவரையும் நான் குறைவாக நினைக்கவில்லை. அவர்கள் பக்கத்துக்குப் பலம் தருவது அந்தக் குகைக் காட்சி. தான்தான் உண்மையான ரேச்சல், முன்பு இங்கே டாக்டராக இருந்தேன் என்று சொல்லும் பெண், ஒருவரைப் பைத்தியம் என்று அறிவித்துவிட்டால் பிறகு அவர் மறுப்பதும் பயப்படுவதும்கூட நோயின் அறிகுறியாகவே எழுதப்படும் என்கிறாள். அந்த வார்த்தை உண்மை. கேஸ் ஷீட்டில் அப்படி எழுதப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். நோயாளி சாப்பாட்டில் வண்டு இருந்தது என்றார், சந்தேக எண்ணம் என்று குறித்தார்கள், போய்ப் பார்த்தால் அரிசியில் வண்டு. சரித்திரமும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அமெரிக்க உளவுத்துறையின் எம்கே அல்ட்ரா திட்டம் 1953-இல் தொடங்கியது. அதன் பணத்தில் மான்ட்ரியலில் டாக்டர் யூவன் கேமரூன் நோயாளிகளின் சம்மதமில்லாமல் மருந்தும் மின்னதிர்ச்சியும் கொடுத்து அவர்களின் நினைவையே சிதைத்தது பின்னால் வெளிவந்த உண்மை. 1973-இல் டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியலாளர், நலமான சிலர் குரல் கேட்பதாகச் சொல்லி மருத்துவமனைகளில் சேர்ந்ததாகவும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றும் எழுதினார். அந்த ஆய்வின் நேர்மையைப் பற்றி இப்போது கடுமையான கேள்விகள் எழுந்திருக்கின்றன, அதனால் அதை நான் ஆதாரமாக வைக்க மாட்டேன். ஆனால் கேமரூன் விஷயம் நடந்தது. 1954-இல் அப்படிச் சந்தேகப்படுவது மூடத்தனம் இல்லை. இந்தப் படத்தில் அந்தச் சந்தேகம் இருப்பது நாயகனின் தலைக்குள். குகைப் பெண் சொல்வதெல்லாம் அவன் ஏற்கெனவே நம்பியதுதான், புதிதாக ஒரு தகவல்கூட இல்லை. அவன் போனபின் அவளை வேறு யாரும் பார்ப்பதும் இல்லை.

உண்மையிலேயே சந்தேகத்துக்கு இடமிருப்பது கடைசிக் காட்சி. முந்தின இரவு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவன், காலையில் படிக்கட்டில் ஷீஹன் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி அவரை 'சக்' என்று கூப்பிட்டு, இந்தத் தீவை விட்டுக் கிளம்ப வேண்டும் என்கிறான். ஷீஹன் தூரத்தில் நிற்கும் காவ்லிக்குத் தலையசைக்கிறார். தெளியாவிட்டால் செய்வதாக இருந்த மூளை அறுவை சிகிச்சைக்கு (லோபோடமி) அழைத்துப்போக ஆட்கள் வருகிறார்கள். அப்போது அவன் கேட்கிறான்: எது மோசம், அரக்கனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா? எழுந்து நடக்கிறான். ஷீஹன் பின்னாலிருந்து 'டெடி' என்று கூப்பிடுகிறார். அவன் திரும்பவில்லை. நாவலில் இந்தக் கேள்வி கிடையாது, அங்கே அவன் பழைய கற்பனைக்குள் விழுந்துவிட்டான் என்றே படிக்க முடிகிறது. படத்துக்காகச் சேர்த்த அந்த ஒரு வரிதான் பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. நோய் திரும்பிவிட்டது என்கிறார்கள் ஒரு சாரார். தெளிந்த மனதோடு, செய்ததைத் தாங்க முடியாமல், தெரிந்தே மூளை அறுவைக்குத் தலையைக் கொடுக்கிறான் என்கிறார்கள் இன்னொரு சாரார். மாசசூசெட்ஸ் சிறை மனநல மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்த டாக்டர் ஜேம்ஸ் கில்லிகன் படத்துக்கு ஆலோசகர். அவர் இரண்டாவதாகத்தான் விளக்கினார், அடுத்தவர் கையால் தன்னை அழித்துக்கொள்வது அது என்று. ஆலோசகர் சொன்னதாலேயே வழக்கு முடிந்துவிடாது. திரையில் இருப்பது இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

நான் இரண்டாவது பக்கம் சாய்வதற்குக் காரணம் சினிமா அறிவு இல்லை, வார்டில் பார்த்த ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். நாற்பது வயதுக்காரர். சாப்பாட்டில் விஷம் வைக்கிறாள் என்று நம்பி, நோயின் உச்சத்தில் பெற்ற தாயை அடித்துக் கையை முறித்துவிட்டார். மருந்து பிடிக்க ஆறு வாரம் ஆனது. தெளிந்து வந்தபின் ஒரு நாள் பார்க்க வந்த அம்மாவின் கைக்கட்டைப் பார்த்து, 'சிஸ்டர், அம்மா கையில என்ன?' என்று என்னிடம் கேட்டார். அம்மா 'கீழ விழுந்துட்டேன்டா' என்றார். அவர் நம்பவில்லை. அதன் பிறகு அவர் மாதிரி சாதுவான நோயாளி வார்டிலேயே இல்லை. குளிப்பார், சாப்பிடுவார், போர்வையை நான்காக மடித்துக் கால்மாட்டில் வைப்பார். எங்களுக்கெல்லாம் நிம்மதி. ஒரு சாயங்காலம் தன் சீப்பையும், அண்ணன் வாங்கிவந்த புதுத் துண்டையும் பக்கத்துக் கட்டில்காரரிடம் 'நீங்க வச்சுக்கங்க' என்று கொடுத்தார். நான் அதை நல்ல குணம் என்றுதான் நினைத்தேன். மூத்த சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று இரவே அவர் கட்டிலை எங்கள் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். 'நோய் இருக்கறப்ப நான் இவ்ளோ பயப்படல. இப்பதான் தெளிஞ்சிருக்கான், இப்பதான் பாத்துக்கணும்' என்றார். தான் செய்தது நினைவுக்கு வரும் நாட்களில் தற்கொலை ஆபத்து கூடும் என்பது மனநல மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். மன அழுத்தத்துக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். அவர் பிழைத்தார், பல வருஷம் அதே அம்மாவோடு ஓபிக்கு வந்துபோனார். படிக்கட்டில் டிகாப்ரியோ உட்கார்ந்திருக்கும் அந்த அமைதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நான்காக மடித்த அந்தப் போர்வைதான் கண்ணில் வருகிறது. நோய் திரும்பியவரின் முகம் அப்படி இருக்காது, அவசரமும் பதற்றமும் இருக்கும். அந்தக் காலையில் டாக்டர்கள் செய்த பெரிய தவறு, தெளிந்த மறுநாளே அவனைத் தனியாகப் படிக்கட்டில் உட்காரவிட்டு, ஒரே ஒரு பதிலை வைத்து முடிவெடுத்தது.

நோயின் பெயரைப் பற்றி நிறையப் பேர் சொல்லும் 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி' என்ற வார்த்தை இங்கே பொருந்தாது. ஒரு உடம்பில் மாறி மாறி இரண்டு ஆள் வருவது வேறு. இவன் ஒரே ஆள், ஒரே பொய்யை அசைக்க முடியாமல் நம்புகிறான். அதை நாங்கள் டெல்யூஷன் என்போம். ஆனால் இவ்வளவு கச்சிதமாக, ஒவ்வொரு சொல்லும் ஒரு குற்றவுணர்வை மறைக்க அமைந்த டெல்யூஷனை நான் வார்டில் கண்டதில்லை. நிஜத்தில் அது ஓட்டை ஓட்டையாக இருக்கும், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மனநோய் உள்ளவர்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்ற எண்ணத்தை இந்த மாதிரிப் படங்கள் வளர்ப்பதும் எனக்கு வருத்தம். பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை, அவர்கள் அடிப்பதைவிட அடி வாங்குவதுதான் அதிகம்.

மருந்து விஷயத்திலும் படம் சறுக்குகிறது. கை நடுங்குவதும் கண்ட காட்சிகளும் இரண்டு வருஷமாகக் கொடுத்துவந்த குளோர்புரோமசைனை நிறுத்தியதால் என்று காவ்லி சொல்கிறார். அந்த மருந்தைப் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததே 1952-இல்தான், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது கதை நடக்கும் அதே 1954-இல். நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், அமைதியின்மை வரும். குடியை விட்டவன் மாதிரி உருவங்கள் கண்ணில் வந்து நிற்பது அந்த மருந்தின் வேலை இல்லை. மருத்துவமனை முழுக்கச் சேர்ந்து நோயாளியின் கற்பனையை நாடகமாக நடித்துக் காட்டி அவனைத் தெளியவைப்பது என்பதும் சினிமாதான். கிட்டத்தட்ட அப்படி ஒன்று நிஜத்தில் நடந்தது. மிச்சிகனில் யிப்சிலாண்டி மருத்துவமனையில் 1959-இல், தானே கிறிஸ்து என்று நம்பிய மூன்று பேரை மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் ஒன்றாக வைத்தார், இரண்டு வருஷம். அவர்களின் நம்பிக்கைக்கு ஏற்ப பொய்க் கடிதங்கள்கூட எழுதினார். ஒருவரும் குணமாகவில்லை. அவர்களின் வாழ்க்கையோடு அப்படி விளையாட எனக்கு உரிமை இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே வருந்தி எழுதினார். வார்டில் நாங்கள் செய்வது எளிமையானது. ஆமாம் என்றும் சொல்ல மாட்டோம், பொய் என்று வாதாடவும் மாட்டோம். 'உங்களுக்கு அப்படித் தோணுது, பயமாத்தான் இருக்கும், நான் இங்கயே இருக்கேன்' என்று சொல்லி உட்கார்ந்துகொள்வோம்.

படத்தில் சித்தியைப் பயமுறுத்தியவை எவை என்று என்னால் ஊகிக்க முடிகிறது. செங்கல் கட்டடங்கள், இரும்புக் கதவு, பழைய கோட்டைக்குள் இருக்கும் மூன்றாவது வார்டின் இருட்டு, காலில் விலங்கோடு தோட்டவேலை செய்யும் நோயாளிகள். அவை வெறும் செட் இல்லை. மாசசூசெட்ஸில் 1896-இல் திறந்து 2003-இல் மூடிய மெட்ஃபீல்ட் அரசு மனநல மருத்துவமனையில்தான் பெரும்பகுதி எடுத்தார்கள். அமெரிக்காவின் பெரிய மனநல மருத்துவமனைகளைக் கட்டிய முதல் தலைமுறையினர், அவர்களில் முக்கியமானவர் ஃபிலடெல்ஃபியாவின் டாக்டர் தாமஸ் கிர்க்பிரைட், வெளிச்சமும் காற்றும் தோட்டமும் நோயைத் தணிக்கும் என்று நம்பியே கட்டினார்கள். சில நூறு பேருக்குக் கட்டிய இடங்களில் ஆயிரக்கணக்கானோரை அடைத்தபோது அவை நரகமாகின. 1955-இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் சுமார் 5,59,000 பேர். அந்த நெரிசலில்தான் மூளை அறுவை பரவியது. அதைத் தொடங்கிய போர்ச்சுகல் டாக்டர் எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசு. அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் கண்ணுக்கு மேலே மெல்லிய எலும்பு வழியாகக் கூரான கருவியைச் செலுத்தும் முறையை 1946-இல் கொண்டுவந்தார். அந்த நாட்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் செய்யப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, கலங்கரை விளக்கத்துக்குள் மூளையை அறுக்கிறார்கள் என்று டெடி பயப்படும் அந்தப் பயம் கற்பனையில்லை, சரித்திரம். நம் பக்கத்திலும் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அன்றைக்கு டூட்டியில் இருந்தேன், செய்தி வந்ததும் வார்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இந்தப் படத்தை முதல் தடவை போட்டபோது தோட்டத்து விலங்குகளைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டேன். அடுத்த நாள்தான் மிச்சத்தைப் பார்க்க முடிந்தது.

ஆனால் மிச்சத்தையும் பார்த்தபிறகு ஒன்று புரிந்தது. வில்லன் மாதிரி விளக்கணைத்துக் காட்டப்படும் காவ்லிதான் அந்தத் தீவில் அறுவையைத் தடுக்கப் போராடுகிறவர். நோயாளியை மரியாதையோடு நடத்தி, அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் அவனை எட்ட முடியும் என்று சொல்கிறவரும் அவர்தான். படத்தைப் பற்றிய விவாதங்களில் ஆயிரம் பேர் 67 என்ற எண்ணையும் எழுத்து விளையாட்டையும் பேசுகிறார்கள், டோலோரஸைப் பேசுகிறவர்கள் குறைவு. மிஷெல் வில்லியம்ஸ் நனைந்த உடையோடு புல்வெளியில் நிற்பாளே, அந்தப் பெண். அவள் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள், என் மூளைக்குள் ஒரு பூச்சி இருக்கிறது, மண்டையோட்டில் அது நடப்பது கேட்கிறது, நரம்புகளைப் பிடித்து இழுக்கிறது என்று. அவன் கேட்கவில்லை. நேசித்தான், ஆனால் கேட்கவில்லை. ஒரு தடவை சாகப் பார்த்தாள், வீட்டுக்குத் தீ வைத்தாள். அவன் குடித்துக்கொண்டு, எல்லாரையும் ஏரிக்கரை வீட்டுக்குக் கூட்டிப்போனான். இடம் மாறினால் சரியாகிவிடும் என்று. அந்த மூன்று குழந்தைகளும் எந்த மருத்துவமனையிலும் சாகவில்லை. இந்தப் படத்தில் மிகவும் பயங்கரமானது ஆஷ்கிளிஃப்பில் நடக்கவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போகாத வீட்டில் நடந்தது. ஊர் மாற்றிப் பார்ப்பதும், கல்யாணம் செய்துவைத்துப் பார்ப்பதும், நாளைக்குச் சரியாகும் என்று காத்திருப்பதுமாக வருஷங்கள் போனபின் வந்து சேர்ந்த குடும்பங்களை 27 வருஷமும் பார்த்தவள் நான். அன்பில்லாத குடும்பம் அவற்றில் ஒன்றோ இரண்டோதான்.

சித்தப்பாவுக்கு என்ன நோய், சேர்த்துத்தான் ஆக வேண்டுமா என்பதை நான் இங்கிருந்து சொல்லக் கூடாது, அதைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். சித்தியிடம் நீங்கள் சொல்லக்கூடியவை சில உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி யாரையும் சங்கிலியில் கட்டுவது குற்றம். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ஈசிடி என்ற மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுக்கக் கூடாது. மூளை அறுவை என்றால் நோயாளியின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும், அதுவும் மிக மிக அபூர்வம். படங்களில் காட்டுகிற மாதிரி நோயாளியைக் கட்டிப்போட்டு உடம்பு துள்ளத் துள்ளக் கொடுக்கும் மின்சாரம் இன்றைய ஈசிடி இல்லை. தூங்கவைத்துக் கொடுப்பது அது, கடும் மன அழுத்தத்தில் உயிர்காக்கும் சிகிச்சை. சில காலம் மறதி வரலாம், அதை மறைக்காமல் சொல்கிற டாக்டராக இருக்க வேண்டும். எல்லா மருத்துவமனையும் சட்டப்படி நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். வார்டைப் பார்க்கவிடாத இடம் என்றால் யோசியுங்கள். என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், என்ன மருந்து, எத்தனை நாள், யார் பொறுப்பு டாக்டர் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. தன் சார்பில் பேசப் பிரதிநிதியாகச் சித்தப்பா சித்தியையே எழுதிக்கொடுக்கலாம். இன்றிரவே நிலைமை கைமீறினால், குறிப்பாகச் சாவதைப் பற்றிப் பேசினால், மூன்று வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பேசி வழி கேட்க மட்டும் என்றால் 14416 என்ற அரசு இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போகும்போது அவருடைய பழைய மருந்துச் சீட்டுகளோடு கண்ணாடி, அன்றாடம் போடும் லுங்கி, வீட்டுச் செருப்பு எல்லாம் எடுத்துப்போங்கள். பார்வையாளர் நேரம் எப்போது என்று முதல் நாளே கேட்டு, சித்தி அந்த நேரத்துக்கு அங்கே இருக்கட்டும். சர்க்கரை போடாத காபிதான் குடிப்பார், இடது பக்கம் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பது மாதிரி விஷயங்களையும் வார்டு சிஸ்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் அதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்வோம்.